சதையும் சங்கல்பமும்

காசநோய்க்காரனிடம், 'நீ இன்னும் கொஞ்சம் மன உறுதியோடு இருந்திருந்தால் இது வந்திருக்காது' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சொன்னவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பருமனானவனிடம் மட்டும் இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டாக்டர் சொல்லலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லலாம், கல்யாண வீட்டில் முதல் தடவையாகப் பார்க்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா சொல்லலாம். அவன் உடம்பு அங்கே ஒரு வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தின்றான், சோம்பியிருந்தான், பெருத்தான் – மூன்று சொற்களில் ஒரு குற்றப்பத்திரிகை. இந்தக் குற்றப்பத்திரிகை நிற்குமா என்பதே இங்கே என் கேள்வி. வாரப் பத்திரிகைகளின் 'முப்பது நாளில் பத்துக் கிலோ' பக்கங்களுக்கு இந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை. அவை தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டன. தண்டனையை மட்டும் தவணை முறையில் விற்கின்றன.

நம் மொழிக்குள் இந்தக் குற்றம் அண்மையில் குடியேறியது என்று எனக்குப் படுகிறது. ஊரிலிருந்து வருகிற அத்தை 'இளைச்சுப் போயிட்டியேப்பா' என்றால் அது அன்பு. 'பூசினாப்பல இருக்கே' என்றால் அது பாராட்டு. கோயிலில் தொந்தியோடு பிள்ளையார் இருக்கிறார். அதே கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் எலும்பும் தோலுமாகக் காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார். கணவனுக்காகச் சுமந்த சதை இனி வேண்டாம் என்று அம்மையார் உதறியதாகச் சேக்கிழார் சொல்கிறார். அங்கே சதை ஒரு சுமை, ஆனால் குற்றமல்ல. பசி நிரந்தரமாக இருந்த நாட்டில் சதை என்பது கையிருப்பு. கையிருப்பு வைத்திருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படலாம், கேலிகூடச் செய்யலாம். அவனுக்கு ஒழுக்கம் போதாது என்று சொல்லத் தோன்றாது.

குற்றப்பத்திரிகையின் முதல் சாட்சி, கணக்கு. உள்ளே போன கலோரி அதிகம், வெளியே போனது குறைவு, மீதி கொழுப்பு. வங்கியில் உட்கார்ந்து வயிறு வளர்க்கிற எனக்கு இந்தக் கணக்கின் மீது மரியாதை உண்டு. பௌதிக விதி அது. அதை மீறிப் பெருத்தவர் எவரும் இல்லை. ஆனால் இது எதை விளக்குகிறது? ஒரு கிளையில் டெபாசிட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் ஏறியது என்று மேலிடம் கேட்கிறது. 'எடுத்தவர்களைவிடப் போட்டவர்கள் அதிகம்' என்று மேனேஜர் பதில் எழுதினால் அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அந்த மேனேஜரை அதற்காக யாரும் மெச்சிக்கொள்ளப் போவதும் இல்லை. அந்த ஊரில் கரும்புக்கு விலை கிடைத்ததா, மகன் வளைகுடாவுக்குப் போனானா, பக்கத்துச் சீட்டுக் கம்பெனி ஓடிப்போனதா என்பதெல்லாம்தான் காரணம். லெட்ஜர் சமன்படுவது வேறு. லெட்ஜருக்கு வெளியே நடந்தது வேறு.

அதைவிடச் சிக்கல், உடம்பின் லெட்ஜரில் வரவும் செலவும் ஒன்றையொன்று வேவு பார்க்கின்றன. வரவைக் குறைத்தால் உடம்பு செலவையும் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2009இல் நடந்த ஒரு தொலைக்காட்சி மெலிவுப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டிருந்தது. அதை எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பாராதது இன்னொன்று: சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சராசரி 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் உடம்பு அந்தப் பஞ்சத்தை மறக்கவில்லை. பஞ்சம் ஒரு டி.வி. கேளிக்கை என்று உடம்புக்கு யார் சொல்வது?

பஞ்சம் என்றதும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1877இல், சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் அது போதாது என்று போராடினார். ஒரு பவுண்டு அரிசிக்குக் கணக்குப் போட்டால் 1600 கலோரி சொச்சம் வருகிறது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பின்னால் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல்காரர், பட்டினியால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்குச் சராசரி 1570 கலோரி. ஏகாதிபத்தியத்தின் 'போதும்' என்பதும் விஞ்ஞானத்தின் 'பட்டினி' என்பதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். டெம்பிளின் ஆட்கள் அதைத் தின்றுவிட்டுக் கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள். இன்று எடை குறைக்க விரும்புகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் உணவுப் பட்டியல்கள் பலவற்றில் இதைவிடக் குறைந்த எண்ணையும் பார்த்திருக்கிறேன்.

மின்னசோட்டா இளைஞர்கள் யார் என்பதே நம் கேள்விக்கு மிக முக்கியம். அவர்கள் மனசாட்சியின் பேரால் யுத்தத்துக்குப் போக மறுத்தவர்கள். நாடு முழுவதும் ராணுவ உடுப்பில் நின்றபோது 'மாட்டேன்' என்று சொன்னவர்கள். சங்கல்பம் உள்ளவர்கள் என்று எவரையாவது சொல்லலாம் என்றால் இவர்களைச் சொல்லலாம். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களுக்கு உதவும் என்று தாமாகவே வந்தார்கள். சில மாதங்களில் என்ன ஆயிற்று? சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். யுத்தமும் மதமும் பெண்களும் மனத்தைவிட்டுப் போய்ச் சோறு மட்டும் நின்றது. சிலர் திருட்டுத்தனமாகத் தின்றார்கள்; கடைசியில் 32 பேருடைய கணக்குத்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டது. சோதனை முடிந்து சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது வயிறு புடைக்கத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். திரும்பி வந்த உடம்பில் முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடுதலாக இருந்தது. ஒரு தேசத்தின் யுத்தவெறியை எதிர்த்து நிற்க முடிந்த சங்கல்பம் ஹைபோதாலமஸை எதிர்த்து நிற்க முடியாமல் போயிற்று.

இங்கே அரிஸ்டாட்டில் வருகிறார். 'நிக்கோமாக்கிய அறவியல்' ஏழாம் புத்தகத்தில் அவர் இரண்டு மனிதர்களைப் பிரிக்கிறார். ஒருவனுக்குக் கெட்ட ஆசையே எழுவதில்லை; அவன் நிதானி. மற்றவனுக்கு ஆசை எழுகிறது, அவன் அதை அடக்குகிறான். முதலாமவனே மேல் என்பது அரிஸ்டாட்டிலின் கட்சி. இரண்டாமவனுக்குத்தான் ஏதோ சாதனை இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவது கிறிஸ்துவத்துக்கும் கான்ட்டுக்கும் பிந்திய தோற்றம். எப்படி வைத்துக்கொண்டாலும் ஒல்லியானவனின் கர்வத்துக்கு இடமில்லை. ஆசை எழாததால் ஒல்லியாக இருக்கிறான் என்றால் அவன் எதையும் வெல்லவில்லை. அவனுக்கு அப்படி வாய்த்தது. காஃப்கா 1922இல் இதை எழுதிவிட்டார். அவருடைய பட்டினிக் கலைஞன் சாகிறபோது மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போகிறான்: தன்னை யாரும் வியக்க வேண்டியதில்லை, தனக்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் எல்லோரையும் போல் வயிறாரத் தின்றிருப்பான். இந்தக் கதையைக் கலைஞனின் அந்நியமாதல் என்றே நம்மவர்கள் படித்து வந்திருக்கிறார்கள். அது இருக்கட்டும். கதையின் நேர் அர்த்தம் அதைவிடக் கூர்மையானது: கூண்டுக்கு வெளியே நின்று ஒருவனின் விரதத்தைப் பார்ப்பவனுக்கு அதில் எவ்வளவு சங்கல்பம், எவ்வளவு வெறும் ருசியின்மை என்று தெரிய வழியே கிடையாது. எதிர்ப்பக்கமும் அப்படியே. பருத்தவன் ஒருவன் ஒவ்வொரு நாளும் எத்தனை முறை வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்கிறான் என்பது அவன் உடம்பில் எழுதியிருப்பதில்லை.

வாய்ப்பது என்று சொன்னேன். அது எவ்வளவு தூரம் உண்மை? டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் குழுவினர் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். வளர்ந்தபின் அவர்களின் பருமன் பெற்றவர்களோடு ஒத்துப்போயிற்று. எடுத்து வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் சுரக்கவைக்கும் மரபணுவைக் கண்டார்கள். கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கொழுப்பே மூளைக்கு எழுதும் கடிதம் லெப்டின். 1997இல் இங்கிலாந்தில் இரண்டு குழந்தைகள்; எட்டு வயதில் 86 கிலோ, இரண்டு வயதில் 29 கிலோ. அவர்களுக்கு லெப்டினே சுரக்கவில்லை என்று தெரிந்தது. எவ்வளவு கொழுப்பு சேர்ந்தாலும் கடிதம் போவதில்லை. மூளை பஞ்சம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. பின்னர் ஊசி வழியாக லெப்டின் கொடுக்க ஆரம்பித்தபோது பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அந்தக் குழந்தையை எத்தனை பேர் பேராசைக்காரக் குழந்தை என்று நினைத்திருப்பார்கள்? இப்படிப்பட்டவர்கள் மிக மிகச் சொற்பம் என்பதை மறக்கக்கூடாது. பருமனான பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே சுரக்கிறது; கடிதம் போகிறது, படிப்பார் இல்லை. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, சில மனநோய் மருந்துகள், தூக்கக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தாலே மறுநாள் பசி கூடுகிறது.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' பற்றி இரண்டு கட்டுரைகள் படித்தார்கள். நேகல் சொல்லும் ஒரு வகை, ஒருவன் எப்படிப்பட்டவனாக அமைந்துவிட்டான் என்பதிலேயே உள்ள அதிர்ஷ்டம். பசி அந்த வகை. தனக்குக் கொடுக்கப்பட்ட பசியை வைத்துக்கொண்டுதான் ஒருவன் நல்லவனாகவோ கெட்டவனாகவோ ஆக வேண்டியிருக்கிறது.

இதோடு கேஸ் தள்ளுபடி என்று எழுந்துவிடலாம். பலர் அப்படித்தான் எழுந்துவிடுகிறார்கள். 'எங்க குடும்பத்துக்கே வாகு அப்படி.' எனக்கு இது பிடிபடவில்லை. வாகு இரண்டு தலைமுறையில் மாறுகிற சமாச்சாரமல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015–16இல் 30.9 சதவீதம்; 2019–21இல் 40.4 சதவீதம். ஆண்கள் 37 சதவீதம். நான்கைந்து ஆண்டுகளில் எந்த மரபணுவும் இப்படி நகராது. நகர்ந்தது தெரு. நகர்ந்தது தட்டு. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியபோது பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளே பிரச்சினை. பசி பெருமளவு தோற்றது. அதைக் குறைத்துப் பேசுகிறவன் பசி அறியாதவன். ஆனால் பசியைத் தோற்கடித்த வழி முழுக்க மாவுச்சத்தின் வழி, பின்னர் எண்ணெயின் வழி. தீட்டிய அரிசி, சர்க்கரை, 2007 முதல் ரேஷனில் பாமாயில். பருப்பும் கொடுத்தார்கள், ஆனாலும் நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓடையாகவும் நிற்கும் விகிதம் மாறவில்லை. வேலை மட்டும் நாற்றங்காலிலிருந்து நாற்காலிக்கு வந்துவிட்டது. எங்கள் கிளையில் லெட்ஜர் தூக்குகிற வேலைகூட இப்போது இல்லை. பதினொன்றுக்கு ஒரு டீயும் வடையும், நான்கு மணிக்கு ஒரு டீயும் பஜ்ஜியும். கவுன்ட்டருக்கும் ரெக்கார்ட் ரூமுக்கும் நடுவில் இருபதடி நடை.

தொழிற்சாலைத் தின்பண்டம் வேறு. 2019இல் அதே ஹால் 20 பேரை ஆஸ்பத்திரியில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். தட்டில் வைக்கப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் தின்னலாம். ஆலை உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறினார்கள். அதே ஆட்கள்தான், அவர்களுடைய சங்கல்பமும் அதேதான். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை ரயில் போகாத ஊர் பெட்டிக்கடை வரை கொண்டுபோய்த் தொங்கவிட்டவனிடம் யாரும் மன உறுதி பற்றிப் பேசுவதில்லை. தின்றவன் பாவி, தொங்கவிட்டவன் தொழில்முனைவோர்.

ஒழுக்கக் கண் இன்னொரு விதத்திலும் ஏமாறுகிறது. பி.எம்.ஐ. என்கிற அளவை 1830களில் பெல்ஜிய வானியல்காரர் கெத்தலே போட்ட கணக்கு. 1972இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தவர்கள், நமக்கு முன்பே அறிமுகமான கீஸும் சகாக்களும். கூட்டத்தை அளக்க வந்த அளவை, ஆளை அளக்க உட்கார்ந்துவிட்டது. 2004இல் லான்செட்டில் இரண்டு மருத்துவர்கள் தங்களையே பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் போட்டார்கள்: புனேயின் யாக்னிக், லண்டனின் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு, யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, வயிற்றுக்குள் கொழுப்பு. நம்மில் பலர் இப்படித்தான், பிறக்கும்போதே இப்படி என்கிறார் யாக்னிக். அதனால்தான் இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன் என்று இங்குள்ள மருத்துவர்கள் வகுத்தார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று கோடும் போட்டார்கள். கல்யாண வீட்டுச் சித்தப்பா நாற்பது வயதில் சர்க்கரை வியாதியோடு, மெலிந்த கைகால்களும் சின்னத் தொப்பையுமாக நின்றுகொண்டுதான் அடுத்தவன் தொந்தியைப் பார்த்துப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஊசி வந்துவிட்டது. செமாக்ளூடைடும் டிர்செபடைடும் எடைக் குறைப்புக்கென 2025 முதல் இந்தியாவிலும் கிடைக்கின்றன. செமாக்ளூடைட் பரிசோதனையில் 68 வாரத்தில் எடை சராசரி 15 சதவீதம் குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று. வயிற்றுப் புரட்டல், விலை, நெடுநாள் தொடர வேண்டிய கட்டாயம் எல்லாம் மருத்துவரோடு பேசித் தீர்க்க வேண்டியவை. எனக்கு அக்கறை, எடுத்துக்கொண்டவர்கள் பலர் சொல்லும் ஒரு விஷயத்தில்: மண்டைக்குள் சதா ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டுப் பேச்சு நின்றுவிட்டது என்கிறார்கள். மற்றவர்கள் இத்தனை நாளும் இந்த அமைதியில்தான் வாழ்ந்தார்களா என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஊசி அவர்களுக்குச் சங்கல்பத்தைக் கொடுக்கவில்லை. அரிஸ்டாட்டிலின் அடக்குபவனை ஒரு வாரத்துக்கு நிதானியாக்கியது, அவ்வளவே. 'ஊசி போட்டு இளைப்பது ஏமாற்று' என்று முணுமுணுப்பவர்களைக் கேட்கிறேன். உங்கள் ஊசியைப் பிறக்கும்போதே யாரோ போட்டுவிட்டார்களே, அது என்ன?

குற்றம் இல்லை என்றால் பொறுப்பும் இல்லையா? ஆங்கிலத்தில் பொறுப்பைக் குறிக்கும் சொல், பதில் சொல்வது என்ற வேரிலிருந்து வருகிறது. யாரோ விசாரிக்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன். நம் சொல்லின் வேர் 'பொறு'. சுமப்பது, தாங்குவது. இந்த உடம்பை நான் கேட்டு வாங்கவில்லை, ஆனால் தூக்கிக்கொண்டு போவது நான். முழங்கால் என்னுடையது. விசாரணைக் கூண்டில் ஏறாமலே இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வதைக் காட்டிலும் நன்றாகவே. எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள் அதிகம் தின்கிறார்கள், டாக்டரிடம் போகத் தயங்குகிறார்கள். செய்யக்கூடியவை பழைய விஷயங்கள்தாம், கவர்ச்சி இல்லாதவை. டீயில் சர்க்கரையைக் குறைப்பது, சோற்றைக் குறைத்துப் பருப்பும் சுண்டலும் காயும் முட்டையும் கூட்டுவது, நடப்பது, வாரம் இரண்டு மூன்று நாள் கனம் தூக்கித் தசையைக் காப்பது, தூங்குவது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேல் மருந்தையே பேசாமல், முன் தின்றது செரித்தபின் அளவறிந்து தின்பதையே பேசுகிறார். உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் தணியத் தொடங்குகின்றன. பத்திரிகைப் பக்கத்துப் பத்துக் கிலோ தேவையில்லை. ஏற்றியதை இறக்குவதைவிட ஏறாமல் நிறுத்துவது எளிது. இதில் வீரம் எதுவும் கிடையாது.

ஆனால் இதற்கும் நேரம் வேண்டும், இடம் வேண்டும். அவை எல்லோருக்கும் சமமாக இல்லை. கணக்கெடுப்பில் ஏன் பெண்களின் சதவீதம் கூடுதல் என்பதற்குக் காரணங்கள் பல. பிள்ளைப்பேறு, மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம், வெளியே நடமாட்டக் குறைவு. ஒன்றை மட்டும் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் கடைசியாக உட்காருகிறவள் அவள். பானையில் ஒரு கரண்டி சோறு, பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை, அடியில் கொஞ்சம் குழம்பு. கொட்ட மனம் வராது. அன்னத்தைக் கொட்டுவது பாவம் என்று அவளுக்கு அவள் பாட்டி சொல்லியிருக்கிறாள், பாட்டி பஞ்சத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அந்த ஒரு கரண்டி பேராசையில் தின்றதல்ல. ஒரு அறத்தைக் காப்பாற்றத் தின்றது. நாளைக்கு டாக்டர் அவளிடம் 'வாயைக் கட்டுங்கம்மா' என்பார். அவள் தலையாட்டிவிட்டு வருவாள். காலையில் பார்க்கில் கணவர் நாலு ரவுண்டு நடந்து முடிக்கிற நேரத்துக்கு அவள் இரண்டாவது குக்கரை இறக்கியிருப்பாள். சோற்றை ஒரு ஆழாக்குக் குறைத்து வடிப்பது அவள் ஒருத்தியால் ஆகிற காரியமல்ல. யாருக்கும் போதாமல் போய்விடக்கூடாது என்ற பயம் அந்தப் பானைக்குள் இருக்கிறது. அவரவர் தட்டில் இன்னும் எவ்வளவு வேண்டும் என்று வீட்டில் மற்றவர்கள் உலை வைக்கும் முன்பே சொல்லிவிடலாம்.